சிவப்பு ஸ்டிக்கர்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. தையல்காரி பூவாத்தாளை விடிந்ததும் மேனேஜர் ரூமில் உட்கார வைத்தவர்கள், மத்தியானம் ஆகியும் விடவில்லை. கதவைப் பூட்டியிருந்தார்கள்.

"நீ சொந்த விருப்பத்துல வேலையை விட்டுப் போறதா நானே எழுதி வச்சிருக்கேன். கையெழுத்துப் போடு. போடாம வெளிய போக முடியாது," என்றார் மேனேஜர் தண்டபாணி. வயசானவர்களைக் கழித்துக் கட்ட அந்த மகராசன் கண்டுபிடித்த வழி அது.

பூவாத்தாளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

"போடறனுங்க. ஆனா செக்கிங் பாக்காம எந்தப் பீசும் வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? செக்கிங் ரெஜினாவையே சாட்சிக்குக் கூப்பிடுங்க."

சாட்சிக் கையெழுத்து எப்படியும் வேண்டும். மேனேஜர் கதவைத் திறந்து ரெஜினாவைக் கூப்பிட்டார்.

அவள் தைத்த துணியில் பழுது தேடுவதுபோலவே காகிதத்தை வரிவரியாகப் பார்த்தாள்.

"சொந்த விருப்பம்னு இருக்குதே. அப்படியாக்கா?"

"இல்ல கண்ணு. கையெழுத்துப் போடாம வெளிய விடமாட்டேங்கறாரு."

பழுதான பீசில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, ரெஜினா அந்த வரிமேல் ஒட்டினாள்.

"உன்னைச் சாட்சிக்குத்தானே கூப்பிட்டேன்!" என்று கத்தினார் மேனேஜர்.

"சாட்சிதானுங்க சார். மிரட்டி வாங்கின கையெழுத்து செல்லாதுங்க. லேபர் ஆபீஸ்ல கேட்டாலும் பார்த்ததைத்தான் சொல்லுவேன்."

திறந்த கதவுக்கு வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

பூவாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு வேற பேப்பர் கொண்டு வருவீங்க, தெரியுமுங்க. அதையும் செக்கிங்குக்கு அனுப்பிருங்க," என்று சொல்லிவிட்டுத் தன் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.