ஒரு புள்ளிகூட நகரவில்லை

"ஏன் மேடம் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

கேட்ட சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு. ஆராய்ச்சிக்கூடத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

சீடரின் பெயர் வில்வநாதன். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர். மகள் பூவிழிக்கு ஏழு வயதில் கால்கள் விறைக்கத் தொடங்கின. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகக் குறைந்தது.

பெரிய டாக்டர் ஒருவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். செல்லுக்குள் பார்சல் ஆபீஸ் மாதிரி ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து சரக்கு சின்னச் சின்னப் பைகளில் ஏறிப் போகும். எந்தச் சரக்கு எந்தப் பையில் என்று பிடித்து ஏற்றிவிட ஓர் இணைப்புப் புரதம் உண்டு. பூவிழிக்கு அது பழுது.

"உள்ளே எதுவும் நகராது. வீட்ல வெச்சு நல்லா பாத்துக்கோங்க," என்றார் டாக்டர்.

வில்வநாதனுக்குப் பொறுக்கவில்லை. நகராது என்று இவர் உள்ளே போய்ப் பார்த்தாரா? வேலையை விட்டார். ஜெசிந்தாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். மகளின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். சரக்கைப் பச்சையாக ஒளிரவிட்டு மாதக்கணக்கில் பார்த்தார்.

ஒரு புள்ளிகூட நகரவில்லை.

அதைக் கட்டுரையாக எழுதிக்கொண்டுதான் இப்போது வந்து நிற்கிறார்.

"மூணு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க. இன்னும் நான் என்னத்தைப் பாக்கணும்?"

"ஒரு புள்ளிகூடன்னு எழுதியிருக்கீங்க சார். செல் எதையும் அவ்ளோ ஒழுங்கா செய்யாது."

"என் பொண்ணு விஷயத்துல பொய் எழுதுவேனா?"

"பொய்னு சொல்லல. நான் நம்பலைன்னு சொல்றேன்."

"நம்பாம இருக்க எனக்கு ஆசை இல்லையா? அந்த டாக்டர் மேசையில ஒரு பதிலைத் தூக்கிப் போடணும்னுதான் இங்க வந்தேன். அவர் சொன்னதே சரின்னு என் கையாலயே எழுதிட்டேன். அதையாவது முடிச்சு விடுங்க மேடம்."

கையிலிருந்த கட்டுரையை மறுபடி நீட்டினார்.

ஜெசிந்தா எழுந்தார்.

"வாங்க. நீங்க எப்படிப் பாக்கறீங்கன்னு நான் பாக்கறேன்."

மைக்ரோஸ்கோப் அறையில் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கருவிக்குச் சூடு ஆகாது. வில்வநாதன் கதவருகே தொங்கிய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெசிந்தா அந்த ஸ்வெட்டரையே பார்த்தார்.

"இது எப்ப வாங்கினது?"

"ஜூன்ல. மே மாசம் ஏசி ரிப்பேர். ஒப்பிட்டுப் பாக்க வெச்சிருந்த நல்ல செல்லையெல்லாம் வேர்த்துக் கொட்டிக்கிட்டே பாத்து முடிச்சேன். ஏசி சரியானப்புறம்தான் பூவிழியோடதை எடுத்தேன்."

"கழட்டுங்க சார்."

"குளிரும் மேடம்."

"கழட்டுங்க."

கழற்றி மேசைமேல் எறிந்தார். பத்து நிமிடம் போனது. விரல் நுனி மரத்தது. பல் தந்தியடித்தது. திரையில் பூவிழியுடைய செல்லின் பச்சைப் புள்ளிகள் அப்படியே நின்றன.

"ஏதாச்சும் தெரியுதா சார்?"

"குளிருதுன்னு தெரியுது. வேறென்ன தெரியணும்?"

ஜெசிந்தா செல்கள் இருந்த கண்ணாடித் தட்டைக் காட்டினார்.

"அதுங்களுக்கு யாரு ஸ்வெட்டர் போட்டா?"

வில்வநாதன் தட்டின் அடியில் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. அதைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பின்னால் குனிந்து பார்த்தார். ஹீட்டரிலிருந்து தட்டுக்குப் போகும் வயர் கழன்று தொங்கியது.

இந்தக் குளிரில் நல்ல செல்லிலும் பார்சல் ஆபீஸ் கதவை அடைத்துவிடும். அவருக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறார்.

வயரைச் செருகினார். முப்பத்தேழு டிகிரி வர அரைமணி ஆனது. ஸ்வெட்டரை அவர் தொடவில்லை.

ஒரு பச்சைப் புள்ளி கூட்டத்தின் ஓரத்தில் துடித்தது. விலகியது. நின்றது. மறுபடி ஊர்ந்தது.

வெகுநேரம் கழித்து இன்னொன்று.

நல்ல செல்லாக இருந்தால் அதற்குள் ஐம்பது போயிருக்கும்.

"ரெண்டு," என்றார். "ரெண்டு போயிருக்கு மேடம்."

ஜெசிந்தா பேனாவைத் திறந்தார்.

"அந்த ஒரு புள்ளிகூட நகராத கட்டுரையைக் கொடுங்க சார். கையெழுத்துப் போடறேன்."

வில்வநாதன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"போட்டுடுவீங்களா? எங்க, போட்டுத்தான் பாருங்களேன்!"