புனுகுப் பூனை போட்ட கஞ்சாத் தோட்டம்

மலைக்காட்டில் சவ்வாது என்று ஒரு புனுகுப் பூனை இருந்தது. அதன் மனைவி பெயர் கஸ்தூரி. இருவரும் குடியிருந்தது ஒரு பாறை இடுக்கில். கோடையில் ஒன்றும் தெரியாது. மழை பிடித்தால் போதும், பாறை விரிசல் வழியாகத் தண்ணீர் கொட்டும். போன வருஷம் பிறந்த இரண்டு குட்டிகளும் அந்த ஈரத்திலேயே விறைத்துச் செத்துப்போயின.

இப்போது கஸ்தூரிக்கு மறுபடியும் சூல் பிடித்திருந்தது. ஆனி மாத மழை இறங்கும் நேரத்துக்குக் குட்டி பிறக்கும்.

"இந்தத் தடவையும் இதே இடுக்குதானா?" என்று கஸ்தூரி கேட்டது.

சவ்வாது அன்றைக்கே கருமந்திக் கூட்டத்தின் தலைவன் வால்நீளனைத் தேடிப் போனது. ஓடைக்கரை அத்திமரம் வால்நீளனின் கைவசம் இருந்தது. அந்த மரத்தில் நல்ல ஆழமான பொந்து ஒன்று உண்டு. எந்த மழைக்கும் உள்ளே சொட்டு நீர் இறங்காது.

"பொந்துதானே? எடுத்துக்கோ," என்றது வால்நீளன். "ஆனா எனக்குக் கஞ்சா இலை வேணும். உச்சிப்பாறையில இருந்த சாமியார் விட்டுட்டுப் போனதைத் தின்னு பழகிட்டேன். இப்ப அது இல்லாம கைகால் நடுங்குது. இந்தா, மிச்சமிருக்கிற விதை. மழைக்கு முன்னால விளைச்சுக் கொண்டா."

கேட்டீர்களா கூத்தை! கைகால் நடுங்குகிறவனிடம் காட்டில் உள்ள நல்ல பொந்தெல்லாம் இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

சவ்வாது பிறந்ததிலிருந்து ஒரு புல்லைக்கூட நட்டதில்லை. ஆனாலும் விதையை வாயில் கவ்விக்கொண்டு இடம் தேடிப் புறப்பட்டது. மலைச்சரிவில் முள் அடர்ந்த உண்ணிப் புதர் ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வெற்றிடம். வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. 'இதுதான் இடம்' என்று முடிவு செய்தது.

முதலில் விதையை முழ ஆழத்தில் புதைத்தது. ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்ததை மேலாகப் போட்டது. எறும்பு தூக்கிக்கொண்டு போனது. மூன்றாம் முறை சரியாகத்தான் போட்டது, ஆனால் முளைத்ததா முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தே வேரை அறுத்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் 'சீச்சீ, இந்தப் பிழைப்பே வேண்டாம்' என்று எழுந்து போயிருப்பார்கள். சவ்வாது போகவில்லை. கையிலிருந்த கடைசி விதைகளைத் தூவிவிட்டு, தோண்டத் துடித்த கால்களை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. ஐந்து செடிகள் முளைத்தன.

தண்ணீர்? ஓடைக்குப் போய்த் தன் வாலை முக்கும். சொட்டச் சொட்ட ஓடிவந்து செடியின் காலடியில் வாலைப் பிழியும். ஒரு நாளைக்கு இருபது நடை. பாதம் வெடித்தது. வால் முடி கொட்டி எலி வால் மாதிரி ஆனது. அப்போதும் விடவில்லை.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் புனுகுப் பூனைக்கு ஒரு குணம் உண்டு. எதைத் தன்னுடையது என்று நினைக்கிறதோ அதன்மேல் உடம்பைத் தேய்த்துப் புனுகைப் பூசிவிடும். 'இது சவ்வாதுக்குச் சொந்தம், மற்றவர்கள் ஒதுங்குங்கள்' என்று அதற்கு அர்த்தம். செடி ஒவ்வொரு இலை விடும்போதும் சவ்வாதுக்குப் பெருமை தாங்கவில்லை. புதரைச் சுற்றி உள்ள மரங்களில் பூசியது. ஓடைக்குப் போகும் வழி நெடுகப் பூசியது. கடைசியில் பாறை இடுக்கிலிருந்து புதர் வரைக்கும் ஒரு மரம் பாக்கி இல்லை.

அந்தப் புதருக்கு அடியில்தான் கவசம்மா என்கிற எறும்புத்தின்னி வளை தோண்டிக் குடியிருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. கவசம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் வெளியே வந்தது.

"ஏண்ணே, ஒளிச்சு வைக்கணும்னுதானே இந்த முள்ளுக்குள்ள வந்தீங்க? அப்புறம் மரத்துக்கு மரம் எதுக்கு இந்தப் பூச்சு?"

"பூசலேன்னா பன்னி வந்து மேஞ்சிரும் தங்கச்சி. இந்த வாசனைக்கு எந்த மிருகமும் கிட்ட வராது."

"மிருகம் வராது. மனுசன்?"

"அவங்க எங்கே இந்தச் சரிவுக்கு வரப்போறாங்க?"

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிருமான்னு உங்க சாதியைப் பார்த்துத்தான் சொல்லி வச்சிருக்காங்க," என்றது கவசம்மா. "எனக்கு ஒரு பிள்ளைதான் இருக்கு. பார்த்துச் செய்யுங்கண்ணே."

சவ்வாதுக்கு உறைத்தது. இனிமேல் பூசுவதில்லை என்று உறுதியெடுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஐந்து செடிகளும் இடுப்புயரத்தில் தழைத்து நின்றன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 'என் செடி, என் குட்டிகளுக்கு வீடு' என்று நினைத்ததுதான் தாமதம், ஐந்திலும் மாறி மாறி உடம்பைத் தேய்த்துவிட்டது.

மரத்தில் பூசிய புனுகை வழித்து விற்றுப் பிழைக்கும் மனிதர்கள் காட்டில் இருந்தார்கள். அன்று செவத்தான் என்பவனும் அவன் மச்சானும் வழிக்க மூங்கில் சிம்பும் பொதிந்துகொள்ளத் தேக்கிலையுமாக அந்தப் பக்கம் வந்தார்கள்.

"இங்கே பாருடா மச்சான், வரிசையாப் பூசி வச்சிருக்கு," என்றான் செவத்தான். "நம்மளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு."

மரம் மரமாக வழித்துக்கொண்டே வந்தார்கள். வழித்தடம் புதருக்குள் போனது. முள்ளை விலக்கிப் பார்த்த செவத்தான் சட்டென்று பின்னால் நகர்ந்தான்.

"ஐயையோ, கஞ்சாடா இது. தினம் காட்டுக்குள்ள வர்றது நாமதான். நாமதான் போட்டோம்னு சொல்லிருவாங்க."

"அவங்களா கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாமளே போய்ச் சொல்லிருவோம்," என்றான் மச்சான்.

மறுநாள் காலையில் காக்கிச் சட்டைக்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். இனி யாரும் இங்கே ஒளிக்கக் கூடாது என்று புதரை அடியோடு வெட்டினார்கள். வேரில் எதுவும் தங்கக் கூடாது என்று மண்வெட்டியால் மண்ணைப் புரட்டினார்கள். கீழே ஒரு வளை இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வளையின் வாய் பொலபொலவென்று சரிந்து மூடிக்கொண்டது.

சவ்வாது மரத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாத உழைப்பு புகையாகப் போனது. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நேரம் பார்த்து எறும்புப் புற்றுக்குப் போயிருந்த கவசம்மா திரும்பி வந்தது. மனிதர்கள் அப்போதுதான் இறங்கிப் போயிருந்தார்கள்.

"என் பிள்ளை உள்ள இருக்கு!"

சவ்வாது மரத்திலிருந்து குதித்தது. அதன் நகம் மண் தோண்டும் நகம் இல்லை. இருந்தும் தோண்டியது. கவசம்மா ஒரு பக்கம், சவ்வாது ஒரு பக்கம். இரண்டு நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. உச்சிவெயில் ஏறும் நேரத்தில் மண்ணுக்குள் ஒரு உருண்டை தட்டுப்பட்டது. குட்டி பந்தாகச் சுருண்டு கிடந்தது. கவசம்மா அதை வெளியே இழுத்து நக்கியது. வெகுநேரம் கழித்து அது மெல்லத் தும்மியது.

"தங்கச்சி..." என்று சவ்வாது ஆரம்பித்தது.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றது கவசம்மா. "என் வீட்டைச் சுத்தி உங்க வாசனைதான் இருந்துச்சு. யார் செஞ்சதுன்னு நான் யாரையும் கேக்க வேண்டியதில்லை." குட்டியை வால்மேல் ஏற்றிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விட்டது.

வால்நீளன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இலை இல்லேன்னா பொந்தும் இல்லை," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சவ்வாது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாறை இடுக்குக்கு வந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. கஸ்தூரி அதன் ரத்தக் காலை நக்கிவிட்டு, மேலே இருந்த விரிசலைப் பார்த்தது.

"மூணு மாசம் வாலை நனைச்சுத் தண்ணி தூக்கினீங்களே, அந்த வாலால களிமண்ணைத் தூக்கியிருந்தா இந்த விரிசலை எப்பவோ அடைச்சிருக்கலாம்."

சவ்வாது அப்படியே ஓடைக்குத் திரும்பிப் போனது. வாலில் களிமண்ணை அப்பிக்கொண்டு வந்து விரிசலில் பூசியது. மழைக்கு நான்கே நாள்தான் இருந்தது. பாதி விரிசல் அடைபட்டதும் வானம் பொத்துக்கொண்டது. அன்றைக்கே கஸ்தூரி இரண்டு குட்டி போட்டது. காய்ந்த பாதியில் கஸ்தூரியும் குட்டிகளும் படுத்துக்கொள்ள, அடைக்காமல் விட்ட பாதிக்குத் தன் முதுகைக் கொடுத்து அந்த மழைக்காலம் முழுவதும் சவ்வாது நனைந்துகொண்டே கிடந்தது.

உழைப்பு நல்லதுதான்; ஆனால் ஒளித்துச் செய்யவேண்டிய காரியத்தில் கொட்டுகிற உழைப்பு செய்தவனுக்கும் உதவாது, பக்கத்தில் இருப்பவனையும் கெடுக்கும்.