இலையில் எதை வைப்பது

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. ஆற்றங்கரை மடத்துக்கு வரும்போதெல்லாம் பெரியவர் சின்னவர் காலில் விழுவார். சின்னவர் பெரியவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். பதினேழு வருஷப் பழக்கம்.

அன்று மத்தியானம் கோமதிநாயகம் வாசலிலேயே நின்றுவிட்டார். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அப்பா இறந்து பதினைந்து நாள்.

“தீட்டுக்காரன் உள்ள வரலாமா சாமி?”

குரு அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தார்.

“நாளைக்குப் பதினாறு. வீட்டுல ஒரே சண்டை.”

குரு எதிரே உட்கார்ந்தார்.

“அப்பாவுக்குப் பிடிச்சதைச் சமைச்சுப் படைக்கணும்லா? அக்கா உளுந்தம்பருப்புச் சோறுன்னு சொல்லுதா. தம்பி முந்திரிக்கொத்துன்னு நிக்கான். நான் கத்திரிக்காய்ப் புளிக்குழம்புன்னேன். பேச்சு முத்திப்போச்சு. ‘அப்பாவை உனக்குத்தான் தெரியுமோ’ன்னு அக்கா அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டா. நாளைக்கு வரமாட்டாளாம்.”

“உளுந்தம்பருப்புச் சோறு யாருக்குப் பிடிக்கும்?”

“அதான், அப்பாவுக்குன்னு…” நிறுத்தினார். “அக்காவுக்கு.”

“முந்திரிக்கொத்து?”

“தம்பிக்கு.”

மூன்றாவதைக் குரு கேட்கவில்லை. கோமதிநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவருடைய அப்பா பிரமநாயகம் அரிசி ஆலையில் மேஸ்திரி. தன் ஐந்து பிள்ளைகளோடு, இறந்துபோன தம்பியின் மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினவர். எட்டுப் பேருக்கும் எட்டு நாக்கு. பந்தியில் கரண்டியோடு நிற்பது அவர்தான். இவனுக்குக் கறிவேப்பிலை ஆகாது, அவளுக்குக் குழம்பு கெட்டியாக வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. யாருக்கு எது பிடிக்குமோ அதை வைக்கும்போது, இதைப் போல உண்டா என்று அவரும் சேர்ந்து சப்புக்கொட்டுவார். எல்லாரும் எழுந்த பிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவார். அந்த நேரத்தில் அங்கே யாரும் போனதில்லை.

“ஐம்பத்தெட்டு வருஷம் சாமி. அவருக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியல. இனி யார்கிட்ட போய்க் கேப்பேன்?”

“சாப்பிட்டீங்களா?”

“காலையில இருந்து ஒண்ணும் இறங்கல.”

குரு உள்ளே போய் ஒரு இலையும் சின்ன மண்சட்டியும் கொண்டுவந்தார். தயிர்ச்சோறு, நாரத்தங்காய் ஊறுகாய். வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு இரண்டு கவளம் உள்ளே போனதும் பசி தெரிந்தது. குரு வைக்க வைக்கச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அப்பாவைப் பற்றிப் பேசினார்.

“ஆஸ்பத்திரியில கடைசி நாலு நாளும் வாயைத் திறக்கல. அதட்டித்தான் கஞ்சி ஊட்டினேன். வேற என்ன வேணும்னு அப்பவும் கேக்கல சாமி.”

இலையை எடுத்துப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது, குரு சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க எப்போ சாப்பிட்டீங்க?”

“இன்னைக்கு இவ்வளவுதான் இருந்துது.”

குருவுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சோறுதான். அது கோமதிநாயகத்துக்கு நன்றாகத் தெரியும்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“நல்லா சாப்பிட்டீங்க அண்ணாச்சி. பாக்க சந்தோஷமா இருந்துது.”

குருவின் முகத்தில் கேலி இல்லை. உண்மையிலேயே சந்தோஷம்தான் இருந்தது. அதைத்தான் கோமதிநாயகத்தால் பார்க்க முடியவில்லை. ஈரக் கையைத் துடைக்காமல் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாளைக்கு இலையில என்னத்த வைக்க?” என்று கேட்டார்.

“மொதல்ல அக்காவைப் போய்க் கூட்டிட்டு வாங்க. எது சமைச்சாலும் சரி. வைக்கும்போது, ‘உங்களுக்கு என்ன பிடிக்கும்னு எங்க எட்டுப் பேருக்கும் தெரியாதுப்பா’ன்னு சொல்லி வைங்க. எல்லாரும் கேக்கச் சொல்லணும்.”

நாளைக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். மூத்த மகனாக நின்று அவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

“சொல்லிட்டா போதுமா சாமி?”

“போதாது அண்ணாச்சி” என்றார் குரு.