ராசா குடைக்குக் குட்டி நிழல் என்று பேர்

முன்னொரு காலத்தில் கோரைக்கரைச் சீமையை இளமாறன் என்றொரு ராசா ஆண்டார். அவருடைய வெண்பட்டுக் குடைக்குக் கொலுமண்டப ஓரத்தில் உட்கார்ந்து முத்துக்குஞ்சம் தைத்துக்கொண்டிருந்தாள் பூவாயி. கைக்குழந்தைக்காரி. நாலு பேர் இருக்கிற இடத்தில் தலை நிமிர மாட்டாள்.

ராசாவைப் பார்க்க வந்த வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் அவள் தைப்பதை வேடிக்கை பார்த்தார். என்னமோ தைரியத்தில், “உங்க ஊர்ல இதுக்கு என்னங்க பேரு?” என்று கேட்டுவிட்டாள்.

“அம்பரெல்லா. பழைய லத்தீன் பேச்சில் அம்ப்ரா என்றால் நிழல். இது குட்டி நிழல் என்கிற மாதிரி, அம்மா.”

அவ்வளவுதான். கோள் சொல்லவே பிறந்த பிரதானி திருமேனியார் ராசாவிடம் ஓடினார். “மகாராசா! கேட்டீங்களா அநியாயத்தை! நாடே உங்க குடை நிழல்ல வாழுது. இவன் அதைக் குட்டி நிழல்ங்கிறான்!”

சபை திடுக்கிட்டது. ராசாவுக்கு மீசை துடித்தது.

“கட்டுங்கடா இவனை! பொழுது சாயறதுக்குள்ள தலை உருளணும்!”

பூவாயிக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. அடப்பாவமே, கேட்டது நான், சாவது அவரா? எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“ராசாவே, பிரதானி ஐயா சொல்றது நிசமான்னு பார்த்துட்டு வெட்டுங்க. குடையை முற்றத்துல பிடிக்கச் சொல்லுங்க. நாடு வேண்டாம், இந்தச் சபை மட்டும் அந்த நிழல்ல நிக்கட்டும்.”

“சரி, பிடிங்கடா குடையை!” என்று ராசா முற்றத்தில் இறங்கி அதன் கீழே நின்றார். சித்திரை மாசத்து உச்சி வெயில். ராசா முன்னால் யாரும் செருப்புப் போடக்கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். கல் பாவிய முற்றத்தில் கால் பட்டதுதான் தாமதம், புலவர் ஒற்றைக் காலில் நின்றார், தளபதி தவளையாய்க் குதித்தார். பிரதானியோ “ஐயோ, அம்மா!” என்று அலறிக் குடைக்குள் பாய்ந்து, ராசாவின் பாதத்தின் மேலேயே ஏறி நின்றுகொண்டார்!

ராசாவைத் தொட்டாலே கசையடி. இவர் மிதித்தே விட்டாரே!

“என்ன பிரதானியாரே, நாடே அடங்குகிற நிழலில் உமக்கு என் கால்தான் கிடைத்ததா?” ராசா வலியோடு சிரித்துவிட்டார். “நீ கேளம்மா, என்ன வேணும்?”

“அவரை அவிழ்த்து விட்டாப் போதுங்க. அப்புறம்... நிக்கிறவங்க கால் பொசுங்குது ராசா. இங்க ஒரு வேப்பங்கன்னு வச்சீங்கன்னா...”

“ஏ பூவாயி! புள்ள பாலுக்குக் கத்துது, எங்கடி போன?” என்று வாசலிலிருந்து மாமியார் குரல்.

ராசாவுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் சபை வாயைப் பிளந்தது.

“என்னய்யா பார்க்கிறீங்க? கட்டை அவிழுங்க,” என்றார் ராசா. “பிரதானியாரே, முதலில் என் காலை விட்டு இறங்கும். போய் வேப்பங்கன்று கொண்டுவாரும். மரமாகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றுவதும் நீர்தான். உச்சி வேளையில். செருப்பில்லாமல்.”