பாதி இலை

பழையாற்றங்கரையில் இருந்த அந்த மடத்தில் பூதலிங்கம் சீடராகச் சேர்ந்தபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். குருவான உமையாள் அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அவர் அம்மையைத் ‘தாயே’ என்பார். அம்மை அவரை ‘ஐயா’ என்பார். பூதலிங்கத்தின் மனைவி பகவதியும் கூடவே வந்திருந்தாள். பின்கட்டில் ஓர் அறையில் இருவரும் தங்கி, அம்மை சொல்லும் பாடங்களைக் கேட்டு வந்தார்கள்.

பங்குனியில் ஒருநாள் பூதலிங்கம் ஆற்றுப்படியில் சுருண்டு விழுந்தார். பக்கவாதம் என்றார் மருத்துவர். உயிர் தப்பியது. பேச்சும் நினைவும் பழையபடி இருந்தன. இடக்கையும் இடக்காலும் மட்டும் சோர்ந்துபோயின. மெல்லத் தேறி, யாராவது பிடித்துக்கொண்டால் நடக்கிற அளவுக்கு வந்தார்.

ஆனால் மனிதர் மாறிப்போயிருந்தார். எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்தார். பரிமாறுகிறவர்கள் தனக்கு மட்டும் குறைத்து வைக்கிறார்கள் என்றார். பகவதி தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார்.

பகவதி அம்மையிடம் மட்டும் ஒருமுறை மனம்விட்டுப் பேசினாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே அவர் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கூப்பிட்டால் வேறெங்கோ பார்க்கிறார், இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை என்றாள். தென்காசியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று துணிமணிகளையும் எடுத்து வைத்திருந்தாள்.

மறுநாள் மதியம் அம்மை இருவரையும் தனக்கு எதிரே உட்காரச் சொன்னார். பூதலிங்கத்துக்கு இலை போட்டார்கள். பகவதி கணவரின் இடப்பக்கம் அமர்ந்தாள். சாய்ந்தால் அந்தப் பக்கம்தான் சாய்வார் என்பதால், அவர் விழுந்த நாளிலிருந்து அதுதான் அவள் இடம். தரையில் நழுவிக் கிடந்த அவருடைய இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பூதலிங்கம் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“தாயே, ஒன்று கேட்க வேண்டும்.”

“கேளுங்கள் ஐயா.”

“பகவதியை மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்கு இங்கே இருக்க மனமில்லை. குரல் கேட்கிறது, திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள். எத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள். நான் விழுந்ததும் போய்விட்டாள்.”

பிடித்த கையைப் பகவதி விடவில்லை.

சாப்பிட்டு முடித்தாயிற்றா என்று மட்டும் அம்மை கேட்டார்.

“ஆயிற்று. இன்றைக்கும் அவியல் இல்லை, பாயசம் இல்லை. கேட்டால் பெரிதாகிவிடும் என்று கேட்கவில்லை.”

அம்மை எழுந்து வந்தார். குனிந்து இலையின் இரண்டு ஓரங்களையும் பிடித்து, சிந்தாமல் இடப்பக்கம் வலப்பக்கமாக வரும்படி திருப்பி வைத்தார்.

சோற்றில் பாதி கை படாமல் இருந்தது. அவியல் இருந்தது. பாயசம் ஆடை கட்டியிருந்தது.

“இப்போதுதான் பரிமாறினீர்களா?” என்றார் பூதலிங்கம்.

“நீங்கள் சாப்பிடத் தொடங்கும் முன்பே.”

அவர் பாயசத்தின் ஆடையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என் கண்ணுக்கு என்ன ஆயிற்று தாயே?”

“கண்ணில் குறையில்லை ஐயா. வாதம் வந்ததிலிருந்து அது வலப்பக்கமே போகிறது. இன்னொரு பக்கம் இருப்பதாக அதற்குத் தோன்றவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எனக்கும் புரிந்தது.”

“ஒரு பக்கமே இல்லாமல் போனது எனக்குத் தெரியவில்லையே.”

“இல்லை என்று தெரிந்திருந்தால் தேடியிருப்பீர்கள்.”

அம்மை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அவருடைய வலக்கையைத் தானே கழுவித் துடைத்துவிட்டார்.

“இந்தக் கையால் உங்கள் இடக்கையைத் தேடுங்கள். கை போகிற வழியே கண்ணும் போகட்டும். அவசரம் வேண்டாம்.”

வலக்கை மார்பைக் கடந்து இடத்தோளைத் தொட்டது. கண் கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு, பிடி நழுவியதுபோல் வலப்பக்கம் ஓடிவிட்டது. மறுபடியும், என்றார் அம்மை. மறுபடியும் ஓடியது. அடுத்த முறை முழங்கை வரை வந்தது. பிறகு மணிக்கட்டு.

அங்கே அவருடைய கையை வேறொரு கை பிடித்திருந்தது.

அவருடைய கண் அந்தக் கையின் வளையலுக்குத் தாவியது. வளையலிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முகத்துக்கு. பகவதி அழுதுகொண்டிருந்தாள்.

“எப்போது வந்தாய்?” என்றார்.

“நான் எங்கே போனேன்?” என்றாள்.

அவருடைய கண் மறுபடி நழுவி ஓடியது. பதறிப்போய்க் கையைத் தேடி, கை வழியே முகத்துக்கு வந்து சேர்ந்தார். திரும்பவும் ஓடியது. திரும்பவும் வந்தார். ஒவ்வொரு முறையும் அவள் இருந்தாள்.

முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று இத்தனை நாள் நினைத்தது எதை என்று பகவதிக்கும் அப்போது புரிந்தது. முந்தானையால் அவருடைய கன்னத்தைத் துடைத்தாள். பாயசத்தை எடுத்து ஊட்டினாள். ஆறியிருக்கிறதா என்று கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது என்றார்.

தென்காசிப் பயணம் நின்றது. எதைப் பார்ப்பதென்றாலும் முதலில் தன் இடக்கையைத் தேடிப்பிடித்து அங்கிருந்து பார்வையைத் தொடங்கப் பூதலிங்கம் பழகிக்கொண்டார். அது எளிதாக இல்லை. மறந்து தூணில் மோதிக்கொண்ட நாட்களும் உண்டு. ஆனால் பரிமாறுகிறவர்களைக் குறை சொல்வதை விட்டுவிட்டார்.

ஆடி மாதம் ஒரு காலையில், இடப்பக்கம் பகவதி தாங்கிப் பிடிக்க, அம்மையின் முன்னால் வந்து நின்றார். வணங்குவதற்கு வலக்கையை உயர்த்தினார். இடக்கை எழவில்லை. பகவதி அதைத் தூக்கி வலக்கையோடு சேர்த்து, விழாமல் பிடித்துக்கொண்டாள்.

“தாயே,” என்றார். “இதற்கெல்லாம் எப்படி நன்றி சொல்வேன்?”

“நான் எப்போதும் உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தேன் ஐயா,” என்றார் அம்மை. “இடப்பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்.”