முழுசாகத் திருகிய இருபது வாட்

ஐந்து மணி ரயிலில் மகள் வருகிறாள். இப்போதே மணி மூன்று. அருணகிரி ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து, வியர்த்து வழிய பெனடிக்டாவின் கடைக்கு மாடியேறினார்.

பெனடிக்டா தூத்துக்குடியில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்ப்பவள். வயது முப்பத்தாறு. அருணகிரிக்கு ஐம்பத்தொன்பது. தாலுகா ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு வந்து, "எனக்கும் கத்துக்கொடுங்க டீச்சர்" என்று நின்றவர். குருவை விடச் சீடர் மூத்தவராக இருப்பதில் இருவருக்குமே கூச்சம் கிடையாது.

"என்ன அண்ணாச்சி, பெட்டியோட?"

"பாட்டு தெளிவாவே வரல டீச்சர். போர்வைக்குள்ள இருந்து பாடுத மாதிரி இருக்கு. ரெண்டுமே போச்சு. எம்மவ கோமதியோட பெட்டி இது."

பெனடிக்டா மேலே இருந்த சின்ன ஸ்பீக்கரைக் கழற்றி முகர்ந்தாள். கருகல் வாடை.

"வால்யூம எவ்வளவு திருகுனீங்க?"

"முழுசா."

ஒரு வருஷமாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசாத பெண். பாட்டைக் குறை, பாட்டைக் குறை என்று வீடதிர அவர் கத்தியதில் வெறுத்துப்போய் வெளியூரில் வேலை தேடிக்கொண்டவள். இன்று அவள் வாசலில் கால் வைக்கும்போது அவளுக்குப் பிடித்த பாட்டே தெருவுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் பாவம், தன் கையால் ஆம்ப் செய்தார். ஒத்திகை பார்க்கப் போய் எல்லாம் பாழ்.

"வெறும் இருபது வாட் டீச்சர். பெட்டி நூறு தாங்கும். பெருசா செஞ்சா கருகிருமோன்னு பயந்துதான் சின்னதா செஞ்சேன். சின்னது எப்படிக் கருக்கும்?"

"கீழ டீக்கடையில ரெண்டு டீ சொல்லுங்க."

டீ குடிக்கிற நேரமா இது என்று மனசுக்குள் நொந்துகொண்டே அருணகிரி பால்கனிக்குப் போனார். சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. "ரெண்டு டீ" என்றார். யாரும் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். அதற்கும் இல்லை. மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினார். குரல் பிசிறி, கீச்சிட்டு உடைந்தது.

டீக்கடை மாசானம் நிமிர்ந்து பார்த்தான். "எதுக்கு சார் வையுதீக? நான் என்ன செஞ்சேன்?"

அருணகிரி முகம் சுண்டிப்போய் உள்ளே வந்தார். "டீதான் டீச்சர் கேட்டேன்."

"நீங்க டீதான் கேட்டீங்க. அவருக்கு வசவுல்லா போய்ச் சேந்துருக்கு. அந்த ஆம்பும் முடியாத சத்தத்துக்கு முக்கிருக்கு, பாட்டு கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச சத்தம்தான் சின்ன ஸ்பீக்கரக் கருக்கும்."

அவள் புது ஸ்பீக்கர்களைப் பொருத்தினாள். அலமாரியிலிருந்து நூற்றைம்பது வாட் ஆம்ப் ஒன்றை இறக்கினாள். அருணகிரியின் கை தானாக ஒயரைப் பிடுங்கப் போனது. அவள் அதைத் தட்டிவிட்டுப் பாட்டைப் போட்டாள்.

அறை நிறைந்தது. மேஜையிலிருந்த திருப்புளி அதிர்ந்தது. தவில் நெஞ்சில் வந்து இறங்கியது. ஒரு பிசிறு இல்லை. வால்யூம் திருகு கால்வாசியில்தான் நின்றது.

"இன்னும் திருகுனா?"

"பெட்டி எரியும். எரிக்கிற பலம் இதுக்கு இருக்கு."

மணி நாலே கால். அருணகிரி பெட்டியைத் தூக்கவில்லை.

"கருக்கிட்டேன்னு அவகிட்டச் சொல்லணுமா டீச்சர்?"

"சொல்லாம?"

"சொன்னா கத்துவா."

"கத்தத்தான் செய்வா."

அவர் அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றுகிறவர் போலக் கேட்டார்.

"முக்கால்வாசி பலம் சும்மாதான கெடக்கு. அது எதுக்கு டீச்சர்?"

பெனடிக்டா ஒயரைச் சுருட்டி அவர் கையில் வைத்தாள்.

"அவ கத்தும்போது நீங்க கத்தாம இருக்கப் போறீங்கல்லா, அதுக்கு."