கரும்பலகையில் மழை

“எல்லாப் பிள்ளைங்களும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுது டீச்சர்” என்றார் கோமதிநாயகம்.

அவர் பத்தாம் வகுப்பு தமிழாசிரியர், தலை நரைத்தவர். பெனிட்டா அடுத்த பிரிவுக்குத் தமிழ் எடுப்பவர், வயதில் மிகவும் இளையவர். அவரிடம் போய்க் கேட்பதா என்று கோமதிநாயகம் ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் கேட்டார்.

“என்ன தலைப்பு கொடுத்தீங்க சார்?”

“மழை.”

“எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?”

“முன்னுரை, முடிவுரை, நடுவில் உட்தலைப்பு. குறிப்பும் கொடுத்தேன். சொந்தமா எழுதுங்கன்னு தொண்டை வறளச் சொன்னேன். உங்க பிள்ளைங்க மட்டும் எப்படி ஆளுக்கொரு மாதிரி எழுதுறாங்க?”

“நீங்க எழுதினது எங்க சார்?”

“நானா? நான் திருத்துறவன்.”

பெனிட்டா மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து அவர் கையில் வைத்தார்.

மறுநாள் கோமதிநாயகம் கரும்பலகை முன்னால் நின்றார். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பெனிட்டா உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு நான் எழுதப் போறேன்” என்றார் கோமதிநாயகம்.

மழை இயற்கை தந்த கொடை.

மழையின்றி உயிர்கள் வாழா.

அடுத்த வரிக்காகக் கை நின்றது. வகுப்பே ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தது:

“மழையே உழவின் உயிர்நாடி.”

அவர் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. உதவி செய்ததாகவே நினைத்தார்கள்.

எல்லாவற்றையும் அழித்தார்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ஒரு தமிழாசிரியர் எழுத முடியாமல் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டாவைப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கடைசியில் எழுதினார்.

என் கல்யாணத்தன்று மழை பெய்தது.

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு.

மிகுந்த துன்பம் உண்டாயிற்று, என்று எழுதினார். அடித்தார். பந்தல் சரிந்தது, என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து அதையும் அடித்தார்.

“பந்தல் சரியலையா சார்?” என்றாள் முன் பெஞ்சு முப்பிடாதி.

“சரியல. ஒழுகிச்சு.”

பந்தல் ஒழுகியது, என்று எழுதினார். அதன்பின் கை தானாகப் போனது.

பெண் வீட்டாரோடு அப்பாவுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. தாலி கட்டியதும் புறப்பட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். பந்தியில் மாமனார் இலையில் தண்ணீர் சொட்டியது. அப்பா எங்கிருந்தோ ஒரு குடையைக் கொண்டுவந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாக்பீஸ் நின்றது.

அந்தக் குடையைக் கோமதிநாயகம் மறந்தே போயிருந்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று அவரும் கேட்டதில்லை.

மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். முடிவுரை எழுதவில்லை. பலகை முழுக்க அடித்தல் திருத்தல். யாரும் அசையவில்லை.

“சார், உங்க அப்பா ஏன் குடை பிடிச்சாங்க?” என்று கேட்டாள் முப்பிடாதி.

கோமதிநாயகம் பலகையைப் பார்த்தார்.

“தெரியலம்மா” என்றார். “இன்னும் எழுதலையே.”